தட்டிப் பார்க்காமல் வாங்கிய கோடாலி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. போன கடிதத்தில் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டாய்.

முதலில் உன் மனைவிக்கு ஒரு வார்த்தை. அம்மா, இதை நீதான் அவனுக்குப் படித்துக் காட்டப்போகிறாய். நாத்தனார் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட விழுங்காதே. திட்டு வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே. அவன் எழுந்து போகப் பார்த்தால் சட்டையைப் பிடித்து உட்கார வை. உனக்கு அந்த உரிமை உண்டு, நான் கொடுக்கிறேன்.

சரி தம்பி, விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த பிறகு வலது கண்ணில் ஒன்றுமே இல்லை, இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான், இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதை உன்னிடம் மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உன் மாமா கதவைத் தட்டி, விரலை வெட்டிக்கொண்டாயா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் கடிதத்தின் பின்பாதியை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய கோடாலி வாங்கி விற்கிற தொழிலுக்குக் கண்தான் மூலதனம், அது போன பிறகு நீ எதற்கு என்கிறாய். இங்கே பின்னறைச் சுவரில் மாட்டியிருக்கிற உன் கோடாலிகளையெல்லாம் இறக்கிப் பழம்பொருள் கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டுமாம். நான் வேறு கூட்டாளி பார்த்துக்கொள்ள வேண்டுமாம். என்னோடு ஒரு நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி, என் வாயையும் பொறுத்துக்கொள்கிற இன்னொரு ஆளை எந்தக் கடையில் வாங்குவது என்று அதில் எழுதவில்லையே. உன் கோடாலி ஒன்றைக்கூட நான் இறக்கப்போவதில்லை.

அதோடு, நீ இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற நினைப்பும் உனக்கு வேண்டாம். நேற்று நானே தனியாகப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கடைதான். ஒவ்வொரு சுவர்க்கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டுமே, அதேதான். கடைக்காரர் உன்னை எங்கே காணோம் என்றார். லீவில் இருக்கிறான் என்றேன். பீங்கான் சாமான்களுக்கும் உடைந்த தையல் மெஷினுக்கும் நடுவில் ஒரு கோடாலி சாய்ந்து நின்றது. அகன்ற வாய். காப்பித்தூள் நிறத்தில் துரு. உன் லென்ஸை எடுத்துப்போயிருந்தேன். கோடாலியின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் நட்சத்திர முத்திரையும் அதற்குக் கீழே இரண்டு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன. எத்தனை வருஷமாக நாம் அந்த முத்திரையைத் தேடுகிறோம்! ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குப் பேரம் பேசினேன். விலையைச் சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை.

ஆகவே நீ ஆபரேஷனுக்காகப் போன ஊரிலேயே இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு மெதுவாகவே வா. அதுவரை என் கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, நான் சமாளித்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்கு மருந்து போட்டுக்கொள். உன் மனைவியிடம் எரிந்து விழாதே.

இப்படிக்கு,
தனியாகவே வெற்றியோடு திரும்பிய உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. போன கடிதத்தில் கடைசியில் என்ன கையெழுத்துப் போட்டேன் என்று ஞாபகம் இருந்தால் மறந்துவிடு.

அந்த நட்சத்திரக் கோடாலியை வினிகரில் ஊறப்போட்டேன். உண்மையான துரு என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், தேய்க்கத் தேய்க்க வரும் என்று உனக்குத் தெரியும். இது சுவரில் அடித்த வண்ணம்போல் பாளம் பாளமாக உரிந்து வந்தது. உள்ளே இரும்பு சொரசொரவென்று புத்தம் புதிதாக இருந்தது. காம்பைக் கழற்றித் துளைக்குள் விரலை விட்டால், அச்சில் வார்த்த விளிம்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓடுகிறது. அரத்தை வைத்துப் பார்த்தேன். வாயும் உடம்பும் ஒரே மாதிரி தேய்கின்றன, எஃகு என்ற பேச்சே இல்லை. போன மாதம் வார்த்து, உப்புத் தண்ணீரில் போட்டுத் துரு ஏற்றி, முத்திரையும் குத்தி, யாரோ ஊரார் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள். இந்த முறை மாட்டியது என் தலை.

கோடாலியைத் தூக்கிக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாவம், அவரும் ஏமாந்துதான் வாங்கியிருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் ஒரு கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. எல்லாம் முடிந்த பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: “உங்க தம்பி வந்திருந்தா இத தொட்டுட்டுத் திரும்ப வச்சிருப்பாரு. நீங்க தட்டிப் பாக்கவே இல்லையேம்மா. கண்ணாடிய வச்சு அந்த முத்திரையத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. தம்பி, நீ காம்பின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக் கோடாலியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வீட்டுச் சாவியால் டிங் என்று தட்டுவாயே. நோயாளியைச் சோதிக்கிற டாக்டர் மாதிரி என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். விலையைக் குறைக்க நீ போடுகிற நாடகம் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உன் கண் மூடியிருக்கும்! லென்ஸை எடுப்பது எல்லாம் முடிந்த பிறகு, முத்திரையைப் படித்துச் சந்தோஷப்படுவதற்கு மட்டும்தான். அப்படியானால் கண்தான் மூலதனம் என்று யார் உனக்குச் சொன்னது? நீயே உன்னைப் பற்றித் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறாயா, அல்லது அழுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்ததா?

நானும் சும்மா இருக்கவில்லை. ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு, சாவியால் தட்டித் தட்டிப் பார்த்தேன். தலைவலியா, மாத்திரை வேண்டுமா என்று அந்தக் கடைக்காரம்மா கேட்டார். அங்கே ஒரு கோடாலி கணீரென்று பேசியது. வாங்கி வந்துவிட்டேன். இரும்பு உடம்பில் எஃகு வாயை வைத்துக் காய்ச்சி அடித்து இணைத்த கோடுகூட அழகாகத் தெரிகிறது. நெட்டைக்குச் சொல்லிவிட்டேன். பழைய மரவீடுகளைப் பழுது பார்க்கிறாரே, நீ பெயர் வைத்த அதே நெட்டைதான். ஒரு பெரிய வீட்டுக்குப் புது உத்தரம் செதுக்கிக்கொண்டிருக்கிறார். இதுதான் வேண்டும் என்று துடிக்கிறார்.

அவருக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்திருக்கிறேன். போலியையும் நல்லதையும் காம்பு கழற்றி, ஒரே மாதிரி எண்ணெய் தடவி, முத்திரைகளை மெழுகால் மூடி உனக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உள்ளே என்ன என்று பார்சல் அலுவலகத்தில் கேட்டார்கள். கோடாலி என்றேன். அந்த ஆள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். துளையில் கயிறு கோத்துத் தொங்கவிட்டு, எது எது என்று நீ தட்டிச் சொல்ல வேண்டும். அம்மா, நீ பக்கத்தில் இருந்துகொண்டு ஜாடை காட்டாதே. ஜாடை காட்டினாலும் அவனுக்குத் தெரியாதுதான், ஆனாலும் உன்னை எனக்குத் தெரியும், வாயால் உளறிவிடுவாய்.

உன் மாமா உன்னை விசாரித்தார். குளிக்கிற இடத்தில் வினிகர் வாளி இருப்பதால், “இந்த வீட்டுல குளிக்கணும்னா கோடாலி எழுந்திரிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இப்படிக்கு,
மூக்குடைந்தாலும் கம்பீரம் குறையாத உன் அக்கா

*

தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. அன்புள்ள என்று போடவில்லை, கவனித்தாயா? அம்மா, அதையும் சேர்த்துப் படி.

உன் பதில் வந்தது. போலியைச் சரியாகச் சொல்லிவிட்டாய். தட்டக்கூட வேண்டாம், கையில் எடுத்தபோதே பிணம்போல் கிடந்தது என்று எழுதச் சொன்னாயாம். அதுவரை சந்தோஷம். ஆனால் நல்லதைப் பற்றி என்ன எழுதச் சொல்லியிருக்கிறாய்? சத்தம் கணீரென்று கிளம்பினாலும் முடிகிற இடத்தில் ஒரு கரகரப்பு இருக்கிறது, காம்புத் துளையின் ஓரத்தில் எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறது, இதை யாருக்கும் கொடுத்துவிடாதே என்று.

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். உனக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்றுதான் அந்தப் பார்சலை அனுப்பினேன். போலி எது, நல்லது எது என்று நீ சொல்வாய், நான் சபாஷ் போடுவேன், நீயும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவாய் என்று கணக்குப் போட்டிருந்தேன். நீ என்னடா என்றால் நான் பார்த்துப் பார்த்து வாங்கியதிலேயே கை வைக்கிறாய். நான் அந்தக் கோடாலியைத் தட்டினேன். திருப்பித் திருப்பித் தட்டினேன். லென்ஸ் வைத்து ஒரு இடம் விடாமல் பார்த்தேன். எந்த விரிசலும் கிடையாது. உன் மாமாவும் பார்த்தார். அவர் பார்வை எதற்கும் சாட்சியாகாது என்றாலும் பார்த்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. இப்போது உனக்கு எதிலும் குறைதான் முதலில் கேட்கிறதோ? டாக்டர் சரியில்லை, அறை சரியில்லை, சாப்பாடு சரியில்லை, அக்கா வாங்கிய கோடாலியும் சரியில்லை.

நெட்டை தினமும் ஆள் அனுப்பிக் கேட்கிறார். அவர் முன்னால் நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க முடியாது. அதனால் இதற்கு ஒரு முடிவு கட்டுவோம். அம்மா, இனி வருவது உன் வேலை. கவனமாகப் படித்துவிட்டு அப்படியே செய். அந்தக் கோடாலியின் எண்ணெயைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடை. அது மூழ்குகிற அளவு மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறவிடு. பிறகு எடுத்து, பழைய துணியால் ஈரமே இல்லாமல் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்து உடம்பு முழுதும் பூசு. விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுப்பாகக் கோடு விழும். இல்லாவிட்டால் விழாது. அவ்வளவுதான்.

கோடு விழாது. நான் இப்போதே சொல்கிறேன். விழாவிட்டால் தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கோடாலியை உடனே திருப்பி அனுப்ப வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் ஊருக்குக் கிளம்பியும் வரவேண்டும்.

இப்படிக்கு,
அக்கா

*

என் அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. உன் மனைவியின் கடிதம் கிடைத்தது. சாக்பீஸ் பூசியதும் ஒன்றும் தெரியவில்லையாம், அக்கா சொன்னதுதான் சரி என்று உன்னிடம் சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனாளாம். திரும்பி வந்து பார்த்தால் துளையின் மூலையிலிருந்து பின்பக்கம் வரை தலைமுடி மாதிரி ஒரு கோடு. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்தாராம். நீ மட்டும், அந்தக் கோடாலியைக் கொடு என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாயாம். சாக்பீஸ் பொடி வேட்டியெல்லாம் ஆகியும் சாப்பிடக் கூப்பிடும் வரை கீழே வைக்கவில்லையாம்.

யாரோ ஒரு காலத்தில் அதன் பின்பக்கத்தைச் சம்மட்டியாக வைத்து ஆப்பு அடித்திருக்கிறார்கள். அதில் விட்ட விரிசல் அது. நான் இரண்டு கண்ணையும் லென்ஸையும் வைத்துக்கொண்டு பார்க்காததை நீ ஒரு சாவியை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாய். உனக்கு எதிலும் குறைதான் கேட்கிறது என்று எழுதினேன். அந்த வரியை அடித்துவிடச் சொல்ல மாட்டேன். இருக்கட்டும், வேண்டும்போதெல்லாம் எடுத்து என்னைத் திட்டு.

நெட்டையிடம் நேரில் சொல்ல வேலை நடக்கிற இடத்துக்கே போனேன். கீழே படுக்க வைத்த மரத்தின் மேல் ஏறி, காலை அகட்டி நின்றுகொண்டு, பாதத்துக்குப் பக்கத்திலேயே வெட்டிச் செதுக்கிக்கொண்டிருந்தார். அவர் எப்படி நின்று வேலை செய்வார் என்று நான் இதுவரை பார்த்ததில்லை. விற்கிறோம், அவ்வளவுதான். அந்த விரிசல் விட்ட கோடாலி அவர் கையில் இருந்து, ஓங்கிய வேகத்தில் பிளந்திருந்தால் எங்கே போய் இறங்கியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அவர் இறங்கி வந்தார். தன் பாதத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அப்புறம், “உள்ள விரிசல் இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றார். தட்டிப் பார்த்தான் என்றேன். “கண்ணு தெரியாமயா?” என்றார். ஆமாம் என்றேன். “எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. அவரு வந்து பாத்துக் குடுக்கட்டும், அது வரைக்கும் இருக்கறத வச்சு ஓட்டிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே ஏறிவிட்டார்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். அம்மா, இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் படி. நெட்டையைப் பார்த்துவிட்டு நேராக பஸ் நிலையத்துக் கடைக்குத்தான் போனேன். அங்கே இருந்த கோடாலிகளையெல்லாம் தட்டினேன். எல்லாமே நல்லது மாதிரிதான் கேட்டது. தட்டத் தட்ட எல்லாமே கெட்டது மாதிரியும் கேட்டது. ஒன்றைக்கூட வாங்காமல் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். நான் பேரம் பேசுவேன், துரு எடுப்பேன், அரம் போடுவேன், காம்பு மாட்டுவேன், ஊரையே விலைக்கு வாங்குகிற மாதிரி பேசுவேன். அந்தக் கரகரப்பு எனக்குக் கேட்காது தம்பி. எத்தனை வருஷம் பழகினாலும் கேட்காது. இதற்கு முன்னால் உன்னைக் கூப்பிட்டதெல்லாம் பரிதாபத்தில் கூப்பிட்டது. இப்போது பயத்தில் கூப்பிடுகிறேன்.

தெருவில் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருக்கும், கடையில் எல்லாரும் பார்ப்பார்கள் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். பார்க்கட்டும். அவர்கள் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் நான் விலையைக் குறைத்துவிடுவேன். பஸ் படியில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொள். கடைக்குள் சாமான் இடிக்காமல் கூட்டிப்போவது என் பொறுப்பு. ஏதாவது பீங்கான் உடைந்தால் உடைத்தது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன், கடைக்காரரும் நம்புவார். பின்னறையில் வாசலிலிருந்து உன் நாற்காலி வரை வழியைக் காலி செய்துவிட்டேன். இடுக்கி பொருத்திய மேஜையை ஜன்னல் ஓரம் தள்ளியாயிற்று. குளிக்கிற இடத்திலிருந்த வினிகர் வாளியை உன் மாமாவே தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டார். மச்சானுக்காக என்று சொல்லிக்கொள்கிறார். பிறகு நிம்மதியாகக் குளித்துவிட்டு வந்தார்.

அம்மா, நீயும் சேர்ந்துதான் வரவேண்டும். விரிசல் கண்டுபிடித்த கை உன்னுடையதும்தான். உனக்கு இங்கே செய்ய வேலை நிறைய இருக்கிறது.

தம்பி, நீ நன்றாக இருக்க வேண்டும். உடம்பில் தெம்போடு, உன் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டு, நாளைக்கு என்ன செய்யப்போகிறோம் என்ற நினைப்போடு தூங்கப்போகிறவனாக நீ இருக்க வேண்டும். அதுதான் அக்காவின் ஆசீர்வாதம்.

வருகிற மாதம் முதல் சனிக்கிழமை ஒரு பழைய மரப்பட்டறையிலிருந்து பஸ் நிலையத்துக் கடைக்குப் பெட்டி நிறையக் கோடாலிகள் வருகின்றனவாம். யாருக்கும் காட்டாதீர்கள், நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவரும் உன் பெயரைச் சொல்லி அந்தப் பெட்டியை மூடியே வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் இதுவரை அவரிடம் விலையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றைப் பொய்யாக்கிவிடாதே.

இப்படிக்கு,
நீ வந்து தட்டிப் பார்க்கும்வரை ஒரு கோடாலியும் வாங்கப்போவதில்லை என்று இருக்கும்
உன் அக்கா